வாசல் மீனும் ஒரு பிஸ்கட் டின் ரசீதும்

பஞ்சாயத்து போர்டின் முதல் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்ததும் குமாஸ்தா என் முன்னால் ரேகை வைக்கிற மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார். மற்ற மெம்பர்கள் எல்லோருக்கும் பேனா. எனக்கு மட்டும் மைப்பெட்டி. நான் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, பக்கத்தில் இருந்தவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, என் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் தேதியையும் எழுதினேன். கன்னியர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். குமாஸ்தா கையெழுத்தைவிட என் கையெழுத்து நன்றாக இருக்கும். அன்றைக்கு ஆரம்பித்த கோபம் இது.

எங்கள் ஊர் பஞ்சாயத்து போர்டில் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும் என்று அப்போது புதிதாகச் சட்டம் வந்திருந்தது. பஜார்க்காரர்கள் யாரும் தங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பத் தயாராக இல்லை. ஆம்பளைகள் கூட்டத்தில் போய் உட்கார்வதா என்று கேட்டார்களாம். சரி, மீன்காரத் தெருவில் ஒருத்தியைப் பிடித்துப் போடுவோம், அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்று முடிவு செய்தார்கள். மீன் கூடை சுமந்து கூவி விற்கிறவள் வாயைத் திறக்க மாட்டாள் என்று எந்த மடையன் நினைத்தானோ தெரியாது. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அவரிடம் கேட்டார்கள், அவர் என்னிடம் கேட்டார், நான் சரி என்றேன். ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் சரி என்றேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும்.

ஊருக்கு வடக்கே ஒரு தோட்டக் கிணற்றில் மோட்டார் வைத்து இறைத்து, மேலத் தெருவுக்கும் பஜாருக்கும் குழாய் போட்டிருந்தார்கள். பஜார் முக்கோடு அந்தக் குழாய் நின்றுவிடும். அங்கிருந்துதான் எங்கள் தெரு ஆரம்பம். முதல் வீடு என்னுடையது. குழாயிலிருந்து தண்ணீர் வழிந்து ஓடுவதை என் வாசலில் நின்று பார்க்கலாம், பிடிக்க முடியாது. பிடிக்கப் போனால் மீன் நாற்றம் என்பார்கள். எங்கள் சனத்துக்குத் தண்ணீர் கடற்கரை மணலில் தோண்டிய ஊற்றுக் குழியில்தான். சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கோரி ஊற்றினால் ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் ஆகும். கோடை வந்தால் குழி ஆளுயரத்துக்கு இறங்கும். என் மைனி, என் அண்ணன் பெண்டாட்டி, முந்தின கோடையில் நிறைகுடத்தோடு ஏறும்போது மணல் சரிந்து விழுந்தாள். இடுப்பு பிசகி ஒன்றரை மாதம் பாயோடு கிடந்தாள். எழுந்த பிறகும் அவளால் பழைய மாதிரி குனிய முடியவில்லை. ஆனால் குனியாமல் ஊற்றில் தண்ணீர் கோர முடியுமா? அவளுக்கு இரண்டு மகன்கள், இரண்டு பேரும் கடலில். வீட்டில் வேறு பெண் இல்லை. அடுத்த கோடைக்குள் குழாய் வராவிட்டால் அவள் மறுபடியும் அந்தக் குழிக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும்.

முதல் பட்ஜெட் கூட்டம் மார்ச் கடைசியில் வந்தது. குமாஸ்தா எழுந்து நின்று வரவு செலவை ஒரே மூச்சில் வாசித்தார். ஜெபமாலையைக்கூட நாங்கள் அவ்வளவு வேகமாகச் சொல்ல மாட்டோம். வாசித்து முடித்ததும் எல்லோரும் தலையாட்டினார்கள். காப்பி வந்தது.

நான் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கினேன். கேட்டதே ஒரு பெரிய விஷயமாகிவிட்டது. குமாஸ்தா பிரசிடெண்டைப் பார்த்தார், பிரசிடெண்ட் கண்ணைக் காட்டினார், காகிதம் என் கைக்கு வந்தது. வரவுப் பக்கத்தில் வீட்டு வரி, தொழில் வரி, வண்டி வரி, இப்படி ஏழெட்டு வரி. எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை, மீன் சந்தை குத்தகை. நான் இரண்டு தடவை பார்த்தேன். ஆமாம், அதுதான் பெரியது. மேலத் தெருவின் மாடி வீடுகள் எல்லாம் சேர்ந்து கட்டுகிற வீட்டு வரி அதில் பாதிகூட இல்லை. செலவுப் பக்கத்தில் மேலத் தெருவுக்கு விளக்கு, மேலத் தெருவுக்குச் சாக்கடை, பஜாருக்குச் சரளை, யாரோ பெரிய மனுசர் வருவதற்கு அலங்கார வளைவு. எங்கள் தெருவின் பெயர் அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை.

பிரசிடெண்ட் நல்ல மனுசர் என்று ஊரில் இன்றைக்கும் சொல்லுவார்கள். ஜவுளிக்கடை வைத்திருந்தார். யாரையும் அதட்ட மாட்டார். எனக்கு அவரிடத்தில் பிடிக்காததே அதுதான். அதட்டினால் திருப்பி அதட்டலாம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ஒங்க கஷ்டம் எனக்குத் தெரியாதாம்மா? ஆனா பாருங்க, ஓலக் குடிசைக்கு வீட்டு வரி கெடையாது. ஒங்க தெருவுல இருந்து போர்டுக்கு ஒத்தப் பைசா வரவு இல்ல. வரவே இல்லாத தெருவுக்கு நான் எந்தக் கணக்குல குழாய் போடுறது?"

"மீன் சந்தை வரவு எங்க தெரு வரவுதானே அய்யா?"

"அது குத்தகைக்காரர் கட்டுற பணம்மா."

குத்தகைக்காரர் அங்கேதான் இருந்தார். அரிசிக்கடைக்காரர். மெம்பர் இல்லாவிட்டாலும் பட்ஜெட் கூட்டத்துக்கு வந்து பின்னால் பெஞ்சியில் உட்கார்ந்துகொள்வார். அவர் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டார். ஊரைத் தாங்குகிறவர் அல்லவா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சாளை மீனையாவது அவர் கடலிலிருந்து பிடித்திருப்பாரா?

அவர் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். மீன் சந்தைக்கு ஒரே வாசல். கூடைக்கு ஆறு புதுப்பைசா வரி என்று வாசலில் பலகையில் எழுதியிருக்கும். ஆனால் காலையில் கூடையோடு உள்ளே போகிறவளிடம் காசு எது? விற்றால்தானே காசு. அதனால் வாசலில் நிற்கிற குத்தகைக்காரரின் ஆள் கூடைக்குள் கைவிட்டு ஒரு மீனை எடுத்துக்கொள்வான். வாசல் மீன் என்று நாங்களே அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தோம். எங்கள் மாமியார்கள் காலத்திலிருந்தே அப்படித்தான் என்பதால் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அவன் எடுப்பது சின்னக் காரப்பொடி மீனா என்ன? கூடையில் இருப்பதிலேயே நல்ல விளைமீனாகப் பார்த்து எடுப்பான். ஆறு பைசா வரிக்கு அரை ரூபாய் மீன் போகும். அந்த மீனெல்லாம் மத்தியானம் ஐஸ் பெட்டியில் ஏறிப் பரமக்குடிக்குப் போய்விடும். மீனுக்கு ரசீது உண்டா? கிடையாது. அதனால் கணக்குப் புத்தகத்தில் நாங்களும் கிடையாது.

அந்த வருசம் முழுக்க நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். போர்டு ஆபீசில் ஏல நிபந்தனையைக் கேட்டு வாங்கிப் படித்தேன். காசு கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் ரசீது கொடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அப்படியென்றால் வழி இருக்கிறது. மீன் கொடுக்கக் கூடாது. காசு கொடுக்க வேண்டும். ரசீது வாங்க வேண்டும். எல்லா ரசீதையும் சேர்த்து அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் மேசையில் கொட்ட வேண்டும். இந்தா, எங்கள் தெருவின் வரவு, குழாயைப் போடு. இதுதான் என் யோசனை. அப்போது அது எனக்கு அவ்வளவு புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

ஆனால் காலையில் காசுக்கு எங்கே போவது? அதற்கும் வழி கண்டேன். தவக்காலம் வந்தது. நாற்பது நாளும் எங்கள் பெண்கள் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவார்கள். வெற்றிலை போடுகிறவள் வெற்றிலையை, காப்பி குடிக்கிறவள் காப்பியை. விட்டதற்கு ஆகும் காசை ஒரு மண் கலயத்தில் போட்டு வைத்து, உயிர்ப்புத் திருநாளுக்குக் கோயிலில் கொடுப்பார்கள். ஒறுத்தல் காசு என்று பெயர். அந்த வருசம் அந்தக் காசைச் சந்தை வாசலில் கொடுப்போம் என்று நான் கேட்டேன். தெருவில் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கடவுளுக்கு வைத்த காசைக் கொண்டுபோய் வரி கட்டுவதா?

முதலில் பேசியது மைனிதான். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"நாத்தனா சொல்றதுல தப்பு ஒண்ணுமில்ல. தாகத்துக்குத் தண்ணி கேட்டவருதானே சேசுவும்? அவரு கோவிச்சுக்கிட மாட்டாரு. எங்கூட்டுக் கலயத்த நான் ஒடைக்கேன்."

மைனி வெற்றிலை இல்லாமல் இருக்க மாட்டாள். இடுப்பு வலிக்கு அவளுக்கு இருந்த ஒரே மருந்து அதுதான். நாற்பது நாளும் வெற்றிலையைத் தொடாமல் தினம் ஆறு பைசா வாசலில் கொடுத்தாள். மற்றவர்களும் கொடுத்தார்கள்.

முதல் நாள் வாசலில் நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. வாசல்காரன் வழக்கம் போலக் கூடைக்குள் கையை விட்டான். மைனி அவன் கையில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

"ஏத்தா, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சா? ஒரு மீனப் போட்டுட்டுப் போவியா, ரசீதாம் ரசீது."

"ஏலே, பலகையில என்ன எழுதிருக்கு? மீனுன்னு எழுதிருக்கா, காசுன்னு எழுதிருக்கா? துட்ட எண்ணிக்க. காயிதத்தக் குடு."

அவனிடம் ரசீதுப் புத்தகமே இல்லை. அரிசிக்கடைக்கு ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தான். புத்தகத்தின் முதல் தாள்கூடக் கிழிக்கப்படாமல் இருந்தது. எழுதத் தெரியாமல் தடுமாறினான். பின்னால் கூடைகளோடு வரிசை நீண்டது. யாரும் கோபப்படவில்லை, சந்தோசமாக நின்றார்கள். ரோஸ் நிறத்தில் சின்னக் காகிதம். ஈரக் கையில் பிடித்தால் மை ஓடிவிடும் என்று முந்தானை முனையில் முடிந்துகொண்டு வந்தார்கள். சாயங்காலம் தெருவில் நான் ஒவ்வொரு வீடாகப் போய் வாங்கி, ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் அடுக்கினேன். நாற்பது நாளில் அந்த டின் மூடாத அளவுக்கு நிறைந்துவிட்டது.

டின்னைத் தூக்கிக்கொண்டு நான் பட்ஜெட் கூட்டத்துக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. சலவைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். குடிதண்ணீர் விசயம் வந்ததும் எழுந்து, மூடியைத் திறந்து, மேசையில் கவிழ்த்தேன். ரசீதெல்லாம் மீன் வாடை. பக்கத்து மெம்பர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"போன வருசம் எங்க தெருவுல இருந்து ஒத்தப் பைசா வரவு இல்லன்னீக. இது நாப்பது நாள் வரவு. எண்ணிப் பாத்துக்கிடுங்க."

எண்ணினார்கள். குமாஸ்தாவும் இன்னொரு மெம்பரும் சேர்ந்து எண்ணினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். குமாஸ்தா ஒரு காகிதத்தில் ஒரு வருசத்துக்குப் பெருக்கிப் பார்த்து, அதைப் பிரசிடெண்டிடம் நீட்டினார். பிரசிடெண்ட் அதைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். குத்தகைக்காரரின் முகம் இருண்டதையும் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிரசிடெண்ட் சொன்னார்: "அம்மா ரொம்பப் பெரிய உபகாரம் பண்ணிருக்காக. சந்தைக்குள்ள இவ்வளவு கூடை வருதுன்னு நமக்கு இதுநாள் வரைக்கும் தெரியாமப் போச்சே. குத்தகையக் கொறைஞ்ச தொகைக்கு விட்டுக்கிட்டு இருந்திருக்கோம். இந்த வருச ஏலத்துல ஆரம்பத் தொகைய ரெண்டு மடங்காக்கிருவோம். கூடைக்குப் பன்னெண்டு பைசான்னு வச்சா குத்தகைக்காரருக்கும் கட்டுபடியாகும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். குத்தகைக்காரரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

நான் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கொடுக்கிறோம் என்று காட்டினால் திருப்பிக் கொடுப்பார்கள் என்று நினைத்துப் போனவள் நான். இன்னும் கொடுக்க எங்களுக்குத் திராணி இருக்கிறது என்பதைத்தான் காட்டியிருந்தேன். டின்னில் கொண்டுபோய் மேசையில் கொட்டிக் காட்டியிருந்தேன். என்னைவிட மடைச்சி அந்தக் கடற்கரையில் இருந்திருக்க மாட்டாள்.

"கோவப்படாதீகம்மா, ஒங்கள விட்டுருவமா?" என்றார் பிரசிடெண்ட், அதே சிரிப்போடு. "மெம்பர் அம்மா கேட்டுக்கிட்டபடி, பஜார் முக்குல இருந்து குழாய இழுத்து அவக வீட்டு வாசல்ல ஒரு குழாய் போட்டுருவோம். பட்ஜெட்டுல அதுக்கு எடம் இருக்கு."

அவக வீட்டு வாசல்ல. இந்த மூன்று வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

ஏப்ரல் பிறந்ததும் வாசலில் பலகை மாறியது. பன்னிரண்டு பைசா. பெண்கள் சத்தம் போட்டார்கள். வாசல்காரன் அசரவில்லை. "என்கிட்ட ஏன் கத்துறீக? ஒங்க மெம்பர்தான் டின்னத் தூக்கிட்டு வந்து, இம்புட்டு வருது அம்புட்டு வருதுன்னு காமிச்சாக. அவுகளப் போய்க் கேளுங்க" என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த வாரமே குழாய்க்காரர்கள் வந்தார்கள். பள்ளம் தோண்டி, என் வாசற்படிக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளிக்கூட இல்லை, குழாயை நட்டுவிட்டுப் போனார்கள். திறந்தால் பளிங்கு மாதிரித் தண்ணீர்.

ஒருத்தியும் குடம் எடுத்துக்கொண்டு வரவில்லை.

நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். "ஒன் வாசல்ல வந்து நாங்க எதுக்கு நிக்கணும்?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கதவைச் சாத்தினாள். கடவுளுக்கு வைத்த காசைப் பிடுங்கி என் வாசலுக்குக் குழாய் வாங்கிக்கொண்டேன் என்று கோயில் முற்றத்தில் பேசிக்கொண்டார்களாம். யாரைக் குற்றம் சொல்வது? அவர்கள் இடத்தில் நான் இருந்தால் இதைவிட மோசமாகப் பேசியிருப்பேன். என் குழாயில் பஜார்க் கடை மாட்டுவண்டிக்காரர்கள் வந்து மாடு கழுவினார்கள். மைனி என் வாசலைத் தாண்டித்தான் ஊற்றுக்குப் போக வேண்டும். காலையும் மாலையும் இடுப்பில் குடத்தோடு, முகத்தைத் திருப்பாமல், காலை இழுத்து இழுத்து நடந்து போவாள். நான் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நடையைப் பார்க்க முடியாமல் ஒருநாள் நானும் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

வெயில் இறங்குகிற நேரம். குழியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நான் வரிசையில் கடைசியில் குடத்தை வைத்தேன். மைனி குழிக்குள் இருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"ஒன் வீட்டுக் குழாயில தண்ணி வரலையா?"

"வருது மைனி."

"பெறகு இங்கன எதுக்கு வார?"

அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "நான் ஏமாந்துட்டேன். ஒங்க காச வச்சு ஒங்களுக்கே வெலைய ஏத்திட்டானுவ. குழாய என் வாசல்ல நட்டதும் நீங்களும் நானும் பேசிக்கிடக் கூடாதுன்னுதான். அந்தப் பட்ஜெட் காயிதத்துல நம்ம சந்தை வரவுதான் எல்லாத்துக்கும் மேல இருக்கு. அதுல இருந்துதான் மேலத் தெருவுக்கு வெளக்கே எரியுது. அது தெரிஞ்சும் நான் கோட்ட விட்டுட்டேன்."

மைனி கோரியதை ஊற்றிவிட்டு மெதுவாக நிமிர்ந்தாள்.

"நம்ம கூடைதான் எல்லாத்துக்கும் மேலன்னா, கூடை சந்தைக்குள்ள போகலன்னா என்ன ஆகும்?"

பட்ஜெட்டை இரண்டு வருசம் திருப்பித் திருப்பிப் படித்தவள் நான். எனக்கு இது தோன்றவில்லை. ஒரு எழுத்துகூடத் தெரியாத மைனி ஆளுயரக் குழிக்குள் நின்றுகொண்டு கேட்டாள். நான் குழிக்குள் இறங்கி அவள் கையிலிருந்த சிரட்டையை வாங்கிக்கொண்டேன். அவள் கொடுத்தாள்.

எங்கள் ஊர் எல்லை ரயிலடி தாண்டி ஒரு கல்லோடு முடிகிறது. கல்லுக்கு அந்தப் பக்கம் வேறு பஞ்சாயத்து. அங்கே சந்தையும் கிடையாது, சந்தை வரியும் கிடையாது, ஒரு வேப்பமரம்தான் உண்டு. உச்சிப்புளியிலிருந்து சைக்கிளில் வருகிற மீன் வியாபாரிகள் அந்தக் கல்லைத் தாண்டித்தான் ஊருக்குள் வர வேண்டும். மறுநாள் காலையில் எங்கள் கூடைகள் சந்தை வாசலை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே நடந்து, கல்லுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தன. சைக்கிள்காரர்களுக்கு வழி மிச்சம். மேலத் தெரு ஆட்கள்தான் வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வந்து மீன் வாங்கினார்கள். பிரசிடெண்ட் வீட்டுச் சமையல்காரரும் வேர்க்க வேர்க்க வந்தார்.

சுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மரத்தடியில் நிழல் போதவில்லை. மூன்றாவது நாள் சாளை நிறைய அகப்பட்டு, விற்காமல் கெட்டுப்போனதை மணலில் குழி தோண்டிப் புதைத்தோம். குத்தகைக்காரரின் ஆட்கள் வந்து மிரட்டினார்கள், எங்கள் ஆண்கள் துடுப்போடு வந்து நின்றார்கள். மைனி ஊரில் எல்லோருக்கும் முந்தி வந்து கல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். வாய் நிறைய வெற்றிலை. பதினோரு நாள் இப்படி நடந்தது. பன்னிரண்டாம் நாள் குமாஸ்தா மரத்தடிக்கே வந்து, பிரசிடெண்ட் உடனே வரச் சொன்னதாகச் சொன்னார். மீன் கையோடு போனேன். கழுவவில்லை.

பிரசிடெண்டின் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கு அதுவே பாதி வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. குத்தகைக்காரர் தவணை கட்ட முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

"ஏம்மா இப்படிப் பண்றீக? ஒங்க தெருவு வரவு நின்னா போர்டே படுத்துரும். சம்பளம் போடக்கூடப் பணமில்ல."

"எங்க தெருவுல இருந்து ஒத்தப் பைசா வரவு இல்லன்னு நீங்கதானே அய்யா சொன்னீக. இல்லாத வரவு எப்படி நிக்கும்?"

அவர் பேனாவை எடுத்து, ஒரு காகிதத்தை முன்னால் இழுத்துக்கொண்டார். குமாஸ்தா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து, எங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அவரையே எழுதவைத்தேன். கூடைக்குப் பழையபடி ஆறு பைசா. வாசலில் யாரும் கூடைக்குள் கையை விடக் கூடாது. என் வாசலில் இருக்கிற குழாயைப் பிடுங்கி, தெரு நடுவில் சிலுவை நிற்கிற குருசடி பக்கம் நட வேண்டும். தெருக் கடைசியில் இன்னொன்று. அது வருகிற வரைக்கும் கூடை கல்லுக்கு இந்தப் பக்கம் வராது.

குழாய் வந்தது. கடைசிக் குழாய் மைனி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அவள் முதல் குடத்தைப் பிடித்து, குனியாமல் இடுப்பில் வைத்து, நேராக நடந்து போனாள். அதைப் பார்த்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் கோபம் போகவில்லை. நாங்கள் கொடுத்த காசில் எங்களுக்கு வர வேண்டிய தண்ணீருக்காகக் கடவுள் காசைக் கொடுத்து, நாள் கணக்கில் வெயிலில் கிடந்து, மீனைக் குழி தோண்டிப் புதைத்து, தெருவோடு பகைத்து, இவ்வளவும் ஏன் செய்ய வேண்டியிருந்தது?

அடுத்த மார்ச்சில் பட்ஜெட் காகிதம் என் முன்னால் வந்தது. இப்போது பேனாவும் கூடவே வந்தது. செலவுப் பக்கத்தில் எங்கள் தெருப் பெயர் முதல் தடவையாக இருந்தது. எந்தத் தலைப்பில் என்று விரலை ஓட்டிப் பார்த்தேன். ஏழைகள் நிவாரணம். அதற்குக் கீழே, மீன்காரத் தெரு, குழாய் இரண்டு.

"இது என்ன?" என்றேன்.

"எங்கனயாவது எழுதணும்லம்மா" என்றார் குமாஸ்தா. "குழாய் வந்துருச்சுல்ல, தலைப்புல என்ன இருக்கு?"

பிரசிடெண்டும் மற்றவர்களும் காப்பி டம்ளரோடு காத்திருந்தார்கள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. மேலத் தெருக் குழாய் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று கேட்டேன். குடிதண்ணீர் வசதி என்றார். அப்படியானால் இதையும் அங்கேயே எழுதுங்கள் என்றேன். பக்கம் அசிங்கமாகிவிடும் என்றார். ஆகட்டும் என்றேன். கடைசியில் அவர் சிவப்பு மையால் அந்த வரியை அடித்து, மேலத் தெருவுக்குக் கீழே இடுக்கி இடுக்கி எங்கள் தெருவை எழுதினார். நான் அதைச் சத்தமாக ஒரு தடவை வாசித்தேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.